தன்னார்வலர்களைக் கொண்டு ஊர் வானொலி நடத்துவது எப்படி

ஊர் மக்களே தங்கள் ஊருக்காக நடத்தும் சமுதாய வானொலியைத் தொடங்க விரும்பி ஆலோசனை கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒலிபரப்புக் கருவியான டிரான்ஸ்மிட்டர் என்ன விலை ஆகும் என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு வந்து நிலையத்தின் கதவைத் திறக்கப்போகிறவர் யார், அவருக்குக் காய்ச்சல் என்றால் சாவி யாரிடம் இருக்கும்? இதற்கு உடனே இரண்டு பெயர்களைச் சொல்ல முடிகிற ஊரில் வானொலி நிலைத்துவிடும். கருவிகளைப் பணம் கொடுத்து வாங்கலாம், பழுதானால் மாற்றலாம். ஊதியம் பெறாமல் வந்து உழைக்கிறவரின் நேரத்தை அப்படி வாங்க முடியாது. வீணாக்கிவிட்டால் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே உரிமம், கருவி, நிகழ்ச்சி, நிதி ஆகிய எல்லாவற்றையும் தன்னார்வலர் தரக்கூடிய நேரத்தை அளவுகோலாக வைத்தே திட்டமிட வேண்டும் என்று நான் கருதுகிறேன். டெல்டாவின் கடலோர ஊர் ஒன்றில் நிலையப் பணியில் இருந்து கற்றுக்கொண்டவற்றையும், இந்திய விதிமுறைகள் குறித்து ஒவ்வொரு நிலையமும் அறிந்திருக்க வேண்டியவற்றையும் கீழே எழுதுகிறேன்.

இந்த உரிமை நமக்கு எளிதில் வந்துவிடவில்லை என்பதைப் புதிய தன்னார்வலர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்த பிறகுதான் அரசுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் வெளியே ஒரு வானொலி சாத்தியம் என்ற பேச்சே வலுப்பெற்றது. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்எம் ஒலிக்கத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் நிறுவனங்களுக்கும் அனுமதி அளிக்கும் வழிகாட்டு நெறிகள் 2006 நவம்பரில் வந்தன. 2008 அக்டோபரில், அன்றைய ஆந்திர மாநிலத்தின் மேடக் மாவட்டத்து மச்சனூரில், தலித் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. இன்று நாட்டில் 500க்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் வானொலி, பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசை என்று நம் கடற்கரையிலும் முன்னோடிகள் உண்டு. நிலையம் தொடங்க நினைக்கிறவர்கள் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே இப்படி ஓரிடத்துக்குச் சென்று, முடிந்தால் ஒரு முழு நாள் உடனிருந்து பார்க்க வேண்டும்.

உரிமத்துக்கு முந்தைய ஓராண்டு

அனுமதி கைக்கு வர நீண்ட காலம் ஆகும். அந்தக் காலத்தை வெறும் காத்திருப்பாகக் கழிக்கும் குழு, அனுமதி வரும் நாளில் நிகழ்ச்சி செய்யத் தெரியாத குழுவாகத்தான் இருக்கும். எனவே முதல் மூன்று மாதம் ஊரின் காதுகள் எப்போது ஓய்வாக இருக்கின்றன என்பதைக் கேட்டறிவதற்குச் செலவிட வேண்டும். தெருத் தெருவாகச் சென்று, ஒவ்வொரு வீட்டிலும் யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்போது வேலைக்குப் போகிறார்கள், எப்போது அடுப்படியில் இருக்கிறார்கள், வீட்டில் வானொலிப் பெட்டி இருக்கிறதா, கைப்பேசியில் பண்பலை கேட்க முடிகிறதா என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் நடவுக்குப் போகும் பெண்கள் காலை ஏழு மணிக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்பதும், ஃபைபர் படகில் போகிறவர்கள் பின்னிரவிலேயே கடலுக்குள் இருப்பார்கள் என்பதும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் பகல் முழுவதும் கரையில் இருப்பார்கள் என்பதும் அப்படித்தான் ஒரே அட்டவணைக்குள் வந்தன. பின்னாளில் நிகழ்ச்சி நிரல் பற்றி எழுந்த எல்லா வாக்குவாதங்களையும் அந்த அட்டவணையை எடுத்து மேசைமேல் வைத்தே தீர்த்தோம்.

அடுத்த ஒன்பது மாதமும் ஒலிபரப்பு இல்லாமலேயே வானொலி நடத்திப் பழக வேண்டும். அரை மணி நேர நிகழ்ச்சிகள் பத்தையாவது தயாரித்து, மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்திலும் வலை பின்னும் கொட்டகையிலும் நூலகத்திலும் ஒரு சிறிய ஒலிபெருக்கி வைத்துப் போட்டுக் காட்டுங்கள். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துப் புதிக்கோட்டையில் நம்ம த்வனி குழுவினர் அலைவரிசை கிடைக்காத காலத்தில் கேபிள் இணைப்பு வழியாகவே ஊருக்கு நிகழ்ச்சிகளை வழங்கினார்கள். கேட்பவர் எந்த இடத்தில் எழுந்து போகிறார், எந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவரை அமைதியாக இருக்கச் சொல்கிறார் என்பதை நேரில் பார்க்கும் வாய்ப்பு இந்தக் கட்டத்தில்தான் கிடைக்கும். ஒலிபரப்பு தொடங்கிய பிறகு கேட்பவரின் முகம் நமக்குத் தெரியாது.

விண்ணப்பமும் விதிகளும்

தனிநபர்கள், அரசியல் கட்சிகள், அவற்றின் துணை அமைப்புகள், லாப நோக்குடைய நிறுவனங்கள் ஆகியோர் விண்ணப்பிக்க இயலாது. கல்வி நிறுவனங்கள், வேளாண் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆகியவையும், பதிவு பெற்று மூன்றாண்டுகளாவது சமூகப் பணி செய்த சங்கங்களும் அறக்கட்டளைகளும் விண்ணப்பிக்கலாம். ஆகவே நண்பர்கள் சேர்ந்து ஒரு நிலையம் தொடங்க நினைத்தால், மூன்றாண்டுக் கணக்கும் நற்பெயரும் உள்ள உள்ளூர் அமைப்பு ஒன்றோடு இணைவது நடைமுறைக்கு உகந்தது. விண்ணப்பம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணையதளம் வழியாகச் செல்கிறது. அலைவரிசை ஒதுக்கீடும் கோபுர இடத்துக்கான ஒப்புதலும் இயக்க உரிமமும் தொலைத்தொடர்புத் துறையின் பிரிவைச் சார்ந்தவை. 2006 நெறிகளின்படி விண்ணப்பக் கட்டணம் 2,500 ரூபாய், வங்கி உத்தரவாதம் 25,000 ரூபாய். அனுமதிக்கெனத் தனிக் கட்டணம் இல்லை. ஆயினும் அலைக்கற்றைக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்த வேண்டும். அந்தத் தேதியை நிலையத்தின் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

2024 பிப்ரவரியில் நெறிகள் திருத்தப்பட்டபோது அனுமதிக் காலம் பத்தாண்டுகளாக நீண்டது, விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்ந்தது, ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. இந்தக் கடைசி விதியை வெறும் கணக்குக்காக நிறைவேற்றாதீர்கள். எங்கள் குழுவில் மீன் விற்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்த பிறகுதான் கடனும் வட்டியும் பற்றிய நிகழ்ச்சி எங்களிடம் உருவானது. அதற்கு முன் இரண்டாண்டுகளாக நாங்கள் அனைவரும் மீன் விலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய விதிகள் சில உண்டு. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவானதாக, கூடியவரை அவ்வூர் மொழியில் இருக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி அறிக்கையோ அரசியல் விமரிசனமோ ஒலிபரப்பக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை மாற்றமின்றி மறு ஒலிபரப்புச் செய்யலாம். வானிலை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர் வழங்கல், தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு, உள்ளூர்த் திருவிழாக்கள், நிர்வாகம் தரும் சுகாதார மற்றும் பேரிடர் அறிவிப்புகள் ஆகியவை செய்தி என்ற தடைக்குள் வராதவை. ஊருக்கு உண்மையில் தேவைப்படும் தகவலில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருப்பதால், தடையைப் பற்றிப் புலம்புவதைவிட இவற்றைச் செம்மையாகச் செய்வது மேலானது. ஒலிபரப்பிய அனைத்தையும் மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

அறை, கோபுரம், கருவி

விதிகள் அனுமதிக்கும் பயனுறு கதிர்வீச்சுத் திறன் 100 வாட். அதாவது டிரான்ஸ்மிட்டரின் திறனும் ஆன்டெனா அதைக் குவித்துத் தரும் அளவும் கேபிள் இழப்பும் சேர்ந்த கணக்கு. அதனால்தான் 50 வாட் டிரான்ஸ்மிட்டரே போதுமானதாகிறது. ஆன்டெனா 30 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. டெல்டா போன்ற சமதரையில் இதைக் கொண்டு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவு வரை தெளிவாகக் கேட்கும். மேட்டு நிலமும் கட்டடங்களும் நிறைந்த இடத்தில் அது பாதியாகிவிடக்கூடும். வாட் கணக்கைக் கூட்ட ஏங்குவதைவிட, கோபுரத்துக்கு நல்ல இடம் தேர்ந்தெடுத்து, கேபிளை நீட்டாமல் டிரான்ஸ்மிட்டரைக் கோபுரத்தின் அடியிலேயே வைப்பது அதிகப் பலன் தரும்.

கருவியைத் தொடும் ஒவ்வொருவரும் ஆன்டெனா இணைக்காமல் டிரான்ஸ்மிட்டரை இயக்கக் கூடாது என்பதை முதல் பாடமாகப் படிக்க வேண்டும். வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து கருவியைப் பொசுக்கிவிடும். முகப்பில் முன்செல்லும் திறன், திரும்பி வரும் திறன் என்ற இரண்டு எண்கள் தெரியும். அவற்றை நாள்தோறும் காலையில் ஒரு நோட்டில் எழுதுவது கதவைத் திறக்கிறவரின் பொறுப்பு. திரும்பி வரும் திறன் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூடினால், உப்புக் காற்றோ மழைநீரோ கேபிள் இணைப்பில் புகுந்திருக்கிறது என்று பொருள். கடற்கரையில் இது ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்கும். பொறியாளர் யாரும் இல்லாத எங்கள் நிலையத்தில், அந்த நோட்டைப் பார்த்தே ஒரு பள்ளி மாணவி பழுதை முன்கூட்டிச் சொன்னாள். இடிதாங்கியும் அதற்கான மண் இணைப்பும் இல்லாமல் கோபுரத்தை நிறுத்தவே கூடாது; இதில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

ஒலிப்பதிவு அறைக்கு அலங்காரம் தேவையில்லை. தெருவிலிருந்தும் மோட்டார் பம்பிலிருந்தும் தள்ளி இருக்கும் ஓர் உள்ளறை, தடித்த கதவு, சுவர்களில் பஞ்சு மெத்தை அல்லது கனத்த சமுக்காளம், தரையில் தேங்காய்நார் விரிப்பு ஆகியவை எதிரொலியைப் பெருமளவு அடக்கிவிடும். முட்டை அட்டைகளை ஒட்டுவதால் வெளிச்சத்தம் குறையாது. இரண்டு டைனமிக் மைக், ஒரு சிறிய மிக்சர், மூடிய வகை ஹெட்போன், ஒரு கணினி, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போன்ற தொகுப்பு மென்பொருள், வெளியே எடுத்துச் செல்ல இரண்டு கையடக்க ரெக்கார்டர்கள் என்ற அளவில் தொடங்கலாம். மீதமுள்ள பணத்தை யு.பி.எஸ்ஸிலும் ஸ்டெபிலைசரிலும் போடுங்கள். கிராமத்து மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தால்தான் அதிகமான கருவிகள் கெட்டுப்போகின்றன.

கணக்குப் போட்டு ஆள் சேர்த்தல்

பெரும்பாலான தன்னார்வ நிலையங்கள் ஆர்வம் குறைந்து தளர்வதில்லை. தொடக்கத்தில் போட்ட தவறான கணக்கால் தளர்கின்றன. அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றுக்கு ஆள் தேடிப் போய்ப் பேசி, பதிவு செய்து, தொகுத்து, சரிபார்த்து முடிக்கப் பழகிய கைக்கும் ஏழு மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் புது நிகழ்ச்சி தருவோம் என்று உற்சாகத்தில் அறிவித்தால், வாரத்துக்கு 28 அரைமணி நிகழ்ச்சிகள், அதாவது 196 மணி நேர உழைப்பு வேண்டும். ஒரு தன்னார்வலர் வாரத்துக்கு ஐந்து மணி நேரம் தருவது பெரிய விஷயம் என்பதால், 40 பேர் தவறாமல் வந்தால்தான் இது நடக்கும். மாறாக, நாளுக்கு ஓர் அரைமணி புது நிகழ்ச்சி என்று வைத்துக்கொண்டால் 49 மணி நேரம் போதும்; பத்துப் பேரால் தாங்க முடியும். எஞ்சிய நேரத்தை மறு ஒலிபரப்பு, நேரடி அறிவிப்புகள், தொலைபேசி உரையாடல், பாட்டு ஆகியவற்றால் நிரப்பலாம். காலையில் தவறவிட்டவர் மாலையில் கேட்பார் என்பதால் மறு ஒலிபரப்பை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அறிவித்த நேரத்தில் நிலையம் மௌனமாக இருப்பதைத்தான் குறையாக எடுத்துக்கொள்வார்கள். மூன்று நாள் தொடர்ந்து மௌனமாக இருந்தால் அந்த வீட்டில் பெட்டியின் முள் வேறு அலைவரிசைக்கு நகர்ந்துவிடும்.

பத்துப் பேர் தேவை என்றால் பதினெட்டுப் பேரைப் பயிற்றுவிக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் தேர்வு மாதங்களில் வர மாட்டார்கள். நடவிலும் அறுவடையிலும் விவசாயக் குடும்பத்தினர் வர முடியாது. திருமணமாகி வேறு ஊர் போகிறவர்கள் உண்டு. இவற்றைத் துரோகம் போல எண்ணி வருந்தக் கூடாது. மாணவர், இல்லத்தரசி, ஓய்வுபெற்ற ஆசிரியர் அல்லது அஞ்சல் ஊழியர் என்று வேறு வேறு ஓய்வுக் காலம் உள்ளவர்களைக் கலந்து வைத்தால், ஒரு சாரார் இல்லாதபோது மற்றவர் தாங்குவார்கள். குரல் வளம் உள்ளவர்களை மட்டும் தேடாதீர்கள். மைக் முன் பேச அஞ்சும் ஒருவர், வந்த குறுந்தகவல்களை அடுக்கி வைப்பதிலோ கணக்கு எழுதுவதிலோ அசையாத தூணாக இருப்பார்.

பயிற்சியை வகுப்பறைப் பாடமாக நடத்தினால் இரண்டாவது வாரமே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். முதல் நாளே ரெக்கார்டரைக் கையில் கொடுத்து, தங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்து வரச் சொல்லுங்கள். மறுநாள் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து அவற்றைக் கேட்கும்போது, மின்விசிறியை நிறுத்த வேண்டும், மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும், ஆமாம் இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைக் கேட்கக் கூடாது, பேசுகிறவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் சற்றுக் காத்திருக்க வேண்டும் என்பவற்றை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். பதிவின்போது ஹெட்போன் அணிந்தே இருக்க வேண்டும் என்பதையும், ஒலியளவு மைனஸ் 12 டெசிபல் அளவை ஒட்டி நின்று ஒலி சிதையத் தொடங்கும் எல்லையான பூஜ்ஜியத்தை ஒருபோதும் தொடக் கூடாது என்பதையும் நாம் சேர்த்துச் சொன்னால் போதும். முதல் மாதத்தின் முடிவில் ஒவ்வொருவரின் குரலோ உழைப்போ ஒருமுறையாவது காற்றில் போயிருக்க வேண்டும். தன் ஆத்தாவின் தாலாட்டு வானொலியில் கேட்ட வீட்டிலிருந்து தன்னார்வலர் நின்றுபோவது அரிது.

அறிவிப்பாளர் தம் ஊர் வழக்கிலேயே பேச வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சென்னைப் பண்பலைகளைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் வேகமாகவும் ஆங்கிலம் கலந்தும் பேசினால்தான் அது வானொலி என்று நினைத்து வருவார்கள். அவர்களைத் திட்டித் திருத்த முடியாது. ஊர் வழக்கில் இயல்பாகப் பேசிய ஒரு பதிவுக்கு வந்த அழைப்புகளின் எண்ணிக்கையைக் காட்டுங்கள், தாமாகவே மாறிக்கொள்வார்கள்.

பெண்கள் தொடர்ந்து வர வேண்டுமானால் நிலையம் அதற்கேற்ற இடமாக இருக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் அவர்கள் வீட்டுக்குச் சென்று பெரியவர்களிடம் வேலையை விளக்குவது, இருட்டுமுன் வீடு திரும்பும்படி முறை வகுப்பது, அறையில் எப்போதும் இருவர் இருப்பது, சுத்தமான கழிப்பறை, முறையிட ஒரு பெண் பொறுப்பாளர் ஆகியவை இல்லாமல் பெண்கள் முன்வருவதில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. அதேபோல ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் குரல்கள் வருகின்றனவா என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும். ஊரும் காலனியும் பிரிந்து கிடக்கும் இடங்களில், யாரும் திட்டமிடாமலேயே வானொலி ஒரு தெருவின் வானொலியாகிவிடும். எங்கள் நிலையத்தில் இப்படித்தான் ஆகியிருந்தது. காலனியிலிருந்து வந்த ஒரு தபால் அட்டை, எங்கள் தெருவிலும் ஆட்கள் பிறக்கிறார்கள், பாடுகிறார்கள், சாகிறார்கள் என்று எழுதியிருந்தது. அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் பதிவு அறையையே அந்தத் தெருவின் சமுதாயக் கூடத்துக்கு மாற்றினோம்.

யாருக்கு எந்த நாள் என்ற அட்டவணை ஒரு வாரம் முன்பே சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வர இயலாதவர் தாமே மாற்று ஆளைப் பேசி வைப்பது என்ற வழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திவிடுங்கள். பேருந்துக் கட்டணமும் தேநீரும் கேட்காமலேயே கொடுக்கப்பட வேண்டும். தன்னார்வலர் தம் கைப்பணத்தைச் செலவழித்து வர நேரும் நிலையம் வசதியுள்ளவர்களின் நிலையமாக மாறிவிடும். மதிப்பூதியம் கொடுப்பதானால் ஒரே வேலைக்கு ஒரே தொகை என்று வெளிப்படையாக எழுதி ஒட்டுங்கள். ஒருவருக்கு மட்டும் இரகசியமாகக் கொடுத்த 500 ரூபாய் எத்தனை நட்புகளைக் கெடுக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். அதே நேரத்தில், ஒருங்கிணைப்பாளர் ஒருவராவது முழுநேர ஊதியத்தில் இருக்க வேண்டும். முழுக்க முழுக்க ஊதியமின்றி ஒரு நிலையத்தை ஆண்டுக்கணக்கில் நடத்தலாம் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. உள்ளாட்சித் தேர்தலில் தன்னார்வலர் யாரேனும் போட்டியிட்டால், மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து அவர் குரல் ஒலிபரப்பில் வரக் கூடாது. இதைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொண்டால் மனக்கசப்பு வராது.

நிகழ்ச்சி

நல்ல நிகழ்ச்சிக்குப் பொருள் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மேட்டூர் அணை திறப்பு எப்போது, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த நாளில் எந்த மருத்துவர், ரேஷன் கடையில் என்ன வந்திருக்கிறது, கடலில் காற்று எப்படி என்பவற்றைத் தினமும் அதே நிமிடத்தில் சொல்லும் நிலையத்தை மக்கள் கடிகாரமாகவே வைத்துக்கொள்வார்கள். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி ஆகியவற்றை வெளியிடுகிறது. அதை அப்படியே வாசித்தால் யாருக்கும் பயனில்லை. கடல் அனுபவம் உள்ள ஒருவர் பாகம் என்று மீனவர்கள் ஆழம் அளக்கும் கணக்கிலும் ஊர்ப் பெயர்களோடும் விளக்கிச் சொல்ல வேண்டும்.

மருத்துவம், மருந்து, உரம், பூச்சிக்கொல்லி குறித்த எண்களை ஒலிபரப்புக்கு முன் உரிய துறையினர் ஒருவர் கேட்டு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒருமுறை எங்கள் நிகழ்ச்சியில் ஒரு மருந்தைத் தண்ணீரில் கலக்கும் அளவு தவறாகப் போய்விட்டது. கேட்ட விவசாயி ஒருவர் அழைத்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதே நேரத்தில், அதே அறிவிப்பாளரின் குரலில், தவறு இன்னது, சரியான அளவு இன்னது என்று மூன்று நாள் தொடர்ந்து சொன்னோம். நள்ளிரவு ஓரத்தில் ஒரு வரி திருத்தம் சொல்லி நழுவுவது போதாது. தவறைக் கேட்ட அதே ஆள் திருத்தத்தையும் கேட்க வேண்டும்.

பேட்டி கொடுப்பவரின் ஒப்புதலை அவர் குரலிலேயே பதிவின் தொடக்கத்தில் வாங்குங்கள். ஒலிபரப்பாகும் நிமிடம் வரை அவர் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். சிறு ஊரில் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குடும்ப வன்முறை, கடன், நோய் பற்றிப் பேசியவரின் பெயரை மட்டும் மறைப்பது பாதுகாப்பாகாது. அத்தகைய பேச்சை வேறொருவர் குரலில் வாசிக்கச் செய்வதே சரி.

திரைப்பாடல்களைப் போட்டால்தான் ஆள் கேட்பார்கள் என்ற எண்ணம் வலுவாக உண்டு. பாடலை எழுதியவர், இசையமைத்தவர், ஒலிப்பதிவின் உரிமையாளர் என்று பலருக்கும் சட்டப்படி உரிமை உள்ளதால், உரிய உரிமம் பெறாமல் அவற்றை ஒலிபரப்பக் கூடாது. அந்தச் செலவைத் தாங்க முடியாத நிலையம் வருந்த வேண்டியதுமில்லை. நடவுப் பாட்டு, கும்மி, தெம்மாங்கு, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு, ஒப்பாரி என்று நம் ஊர்களில் பதிவு செய்யப்படாமல் மறைந்துகொண்டிருக்கும் பாட்டுகள் ஏராளம். எங்களுக்கு அதிக அழைப்புகள் வந்தது ஒரு வயதான நடவுப் பாட்டுக்காரி பாடிய வாரத்தில்தான்.

பணம்

விளம்பரம் உள்ளூர்க் கடை, உள்ளூர்ச் சேவை, உள்ளூர் நிகழ்வு, வேலைவாய்ப்பு ஆகியவற்றைச் சார்ந்திருக்க வேண்டும். 2024 திருத்தம் அரசு விளம்பரத்துக்குப் பத்து விநாடிக்கு 74 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறது. ஆனால் அந்தத் தொகை கைக்கு வரத் தாமதமாகலாம் என்பதால் அதை நம்பி மின்கட்டணத்தைத் திட்டமிட வேண்டாம். ஊருக்குள் நூறு குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் தந்தால் வரும் 5,000 ரூபாய் சிறியதுதான். ஆனால் அது தவறாமல் வரும், தருகிறவருக்கு நிலையத்தின்மேல் உரிமையும் வரும். வரவு செலவை மாதந்தோறும் ஒலிபரப்பிலேயே வாசித்துவிடுங்கள். தொகை கூடக் கொடுத்தவருக்கு நிகழ்ச்சியில் கூடுதல் இடம் என்ற பேச்சு எழும்போது மறுத்துவிடுவதற்கு இந்த வாசிப்பு துணையாக இருக்கும்.

புயல் நாட்கள்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது டெல்டாவின் பல ஊர்களில் மின்சாரமும் கைப்பேசியும் பல நாட்கள் இல்லாமல் போயின. பேட்டரியில் ஓடும் சிறு வானொலிப் பெட்டியின் அருமை அப்போதுதான் மீண்டும் எல்லோருக்கும் புரிந்தது. புரட்டாசி முடிவதற்குள் கோபுரத்தின் இழுவைக் கம்பிகளை ஆள் வைத்துச் சரிபார்த்து, ஜெனரேட்டருக்கு டீசல் சேர்த்து, மாற்று பேட்டரிகளை மின்னேற்றி, நிலையத்துக்கு நடந்தே வரக்கூடிய நான்கு பேரைப் புயல் குழுவாகப் பெயர் குறித்து வைக்க வேண்டும். தொலைவில் இருப்பவரைப் புயல் நாளில் வரவழைக்கக் கூடாது. காற்று எல்லை மீறினால் ஒலிபரப்பை நிறுத்திவிட்டுக் குழுவினர் பாதுகாப்பான கட்டடத்துக்குச் செல்ல வேண்டும். இந்த முடிவை எடுப்பவர் யார் என்பதையும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

வானிலை ஆய்வு மையமும் மாவட்ட நிர்வாகமும் தந்த தகவலை மட்டுமே சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் யார் தந்தது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்பதைச் சேர்த்தே வாசிக்க வேண்டும். பழைய எச்சரிக்கையை நேரம் சொல்லாமல் மீண்டும் போட்டால் கரை திரும்பிய படகு மறுபடி கடலுக்குப் போக அஞ்சும். அடுத்த முறை உண்மையான எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது. துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகளின் எண் என்ன சொல்கிறது என்பதைச் சாதாரண நாட்களிலேயே பலமுறை விளக்கி வையுங்கள்.

பதிவுகளைப் பேணுதல்

விதி கேட்பது மூன்று மாதம்தான். ஆனால் நிலையத்தில் சேரும் பாட்டு, கதை, ஊர் நினைவு ஆகியவற்றை எப்போதைக்குமாக வைக்க வேண்டும். கோப்பின் பெயரில் தேதி, ஊர், பேசியவர், பொருள் ஆகிய நான்கும் ஒரே வரிசையில் இருக்கட்டும். புதுப்பாட்டு1, கடைசி, சரியான கடைசி என்று பெயரிட்ட நூற்றுக்கணக்கான கோப்புகளைப் பிரித்தறிய எங்களுக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆனது. இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் பிரதி எடுத்து, ஒன்றை நிலையத்துக்கு வெளியே, வெள்ளம் ஏறாத வேறொரு வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து கேட்டுப் பார்த்துப் புது டிஸ்குக்கு மாற்றுங்கள். பாடியவர் அல்லது பேசியவர் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் அந்தப் பதிவின் பிரதியை, வீட்டாரின் கைப்பேசியிலேயே ஏற்றி, தன்னார்வலர் ஒருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து வர வேண்டும்.